இடப்பக்கம் குத்திய மெடல்கள்

1

நவம்பர் பிறந்துவிட்டால், நான் இன்னும் சாகவில்லை என்று சர்க்காருக்குத் தெரிவித்தாக வேண்டும். பட்டாளத்துக்காரன் பெண்டாட்டிக்குக் குடும்பப் பென்ஷன் வருகிறது அல்லவா, அது நிற்காமல் வருவதற்கு வருஷம் ஒருமுறை இந்தச் சடங்கு. ஊரில் இருந்தவரை வேலூருக்குப் பஸ் ஏறிப் போய், ஒரு மேசைக்கு முன்னால் வரிசையில் நின்று, விரலை வைத்துவிட்டு வருவேன். இப்போது பினாங்கில் மகள் வீட்டில் இருக்கிறேன். போனில் முகத்தைக் காட்டி, கண்ணைச் சிமிட்டினால் போதும் என்கிறார்கள். சிமிட்டினால் உயிரோடு இருப்பதாக அர்த்தம்.

எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. அந்தப் போனை முகத்துக்கு நேரே பிடித்தால் கண் தானாக விரிந்து நின்றுவிடுகிறது.

“அம்மா, சிமிட்டும்மா.”

“சிமிட்டறேண்டி.”

“அது சிமிட்டறது இல்ல, முறைக்கறது. என்னைப் பாத்து முறைக்கறாப்பல முறைக்கற.”

மகள் செல்விக்கு வேலைக்குப் போக நேரமாகிவிட்டது. வாசல் கதவு திறந்து கிடந்தது. எதிர்வீட்டுப் பாக்கியம் ஈரத்துணி வாளியோடு நின்று வேடிக்கை பார்த்தாள்.

“என்னா அக்கா, படம் பிடிக்கிறீங்களா?”

செல்வி விஷயத்தைச் சொன்னாள். பாக்கியம் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். இந்த ஊரில் பேச்சுக்குப் பேச்சு ‘லா’ என்று ஒரு வால் ஒட்டும்.

“ஐயோ, உங்க கவர்மெண்டு உங்கள நம்பவே நம்பாதா லா? எங்க ஆளு உசுரோட இருக்காருன்னு யாரும் சொல்லவே வேணாம். காலைல அவரு இருமுற இருமல்ல ஒம்பதாவது மாடியே எந்திரிச்சு உக்காந்துக்கும்!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் கண் சிமிட்டிவிட்டது போலிருக்கிறது, போன் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் வயிற்றுக்குள் ஒன்று சுருக்கென்றது. புருஷன் இருமுவதைக்கூடப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒருத்திக்குக் கொடுத்து வைத்திருக்கிறதே என்று.

நம் ஊர் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்து மலருக்கு வெளிநாட்டு அனுபவம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அவர் பட்டாளத்துக்குப் போனபிறகு, வரும் கடிதத்தை ஊரார் வாயால் படிக்கக் கேட்பதற்கு வெட்கப்பட்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கவும் எழுதவும் பழகிக்கொண்டேன். இந்த ஊரில் பெரிய கட்டடம் எது, பெரிய பாலம் எது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றுதான். எதிர்வீட்டுக்காரியின் மேல் எனக்குள்ள பொறாமை. அதைத்தான் எழுதுகிறேன்.

2

நாங்கள் இருப்பது ஜெலுத்தோங்கில், ஒரு பழைய அடுக்குமாடி. கீழே சந்தை, மோட்டார் சைக்கிள் பட்டறைகள், பஸ் சத்தம். மேலே வர லிஃப்ட் உண்டு, மனம் இருந்தால் ஓடும். செல்வி இந்த ஊர்ப் பையனைக் கட்டிக்கொண்டு வந்தவள். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு என்னையும் அழைத்துக்கொண்டாள். இங்கே தங்குவதற்கான பாஸ் தீரும்போதெல்லாம் குடிநுழைவு ஆபீசில் போய் உட்கார்ந்து முத்திரை வாங்கி வருகிறோம். ஒரு சர்க்காரிடம் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும், இன்னொரு சர்க்காரிடம் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். என் உத்தியோகம் இதுதான்.

பாக்கியத்தின் புருஷன் வீரையா இந்த நாட்டுப் பட்டாளத்தில் சார்ஜனாக, நம் ஊர் ஹவில்தார் மாதிரி, இருந்தவர். பட்டாளத்துக்காரரை இங்கே ‘அஸ்கார்’ என்பார்கள். கையில் மூன்று பட்டை. என் வீட்டுக்காரர் நாயக். இரண்டு பட்டை. முதல் நாள் அறிமுகமானபோதே பாக்கியம் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, “ஓ, ரெண்டு பட்டையா” என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எழுதலாம், எழுதுகிற கைக்கு வாய் இல்லையே. முனிரத்தினம். நம் ஊரில் பட்டாளத்துக்காரர் என்றால் தெருவுக்குப் பத்துப் பேர். லீவில் வந்து இறங்கினால் நாய்கூடக் குரைக்காது. எல்லா வீட்டிலும் கறுப்பு டிரங்குப் பெட்டி, எல்லா வீட்டிலும் கேன்டீன் ரம். யார் யாரைப் பார்த்துப் பெருமைப்படுவது? அவர் மெடல்கள் தபாலில் வந்த டப்பாவிலேயே கிடந்தன. பிறகு ஒருநாள் ஐந்தையும் ஒரே கம்பியில் கோத்து, ஒரு படம் எடுத்துக்கொண்டார். சட்டையின் இடப்பக்கம் வரிசையாகத் தொங்கும். அந்தப் படம்தான் இப்போது செல்வி வீட்டுக் கூடத்தில் இருக்கிறது.

பாக்கியத்துக்கு அப்படி இல்லை. இந்தக் கட்டடத்தில் தமிழ் அஸ்கார் என்றால் அவள் புருஷன் ஒருவர்தான். ஜூலை மாதம் வீரர் நாள் வந்தால், நீலக் கோட்டை வெளித் தாழ்வாரத்தில் ஹேங்கரில் மாட்டி வெயில் காட்டுவாள். மெடல்களைத் துணியால் துடைப்பாள். போகிற வருகிற சீனக் கிழவி, மலாய்ப் பிள்ளைகள் எல்லோரும் நின்று பார்ப்பார்கள். “தொடாத, தொடாத, கை அழுக்கு படும் லா” என்று விரட்டுவாள். விரட்டுகிற குரலில் எவ்வளவு சந்தோஷம் என்கிறீர்கள்!

3

பொறாமை எனக்குப் புதிது இல்லை. கல்யாணமான புதிதில் நான் பொறாமைப்பட்டது ஒரு விமானத்தின் மேல்.

அவரை அப்போது வடக்கே ஒரு விமானத் தளத்தில் காவலுக்குப் போட்டிருந்தார்கள். கடிதத்தில் எழுதுவார். விமானத்துக்கு ஷெட் உண்டு, எங்களுக்குக் கூடாரம். விமானத்தை நாலு பேர் காலையும் மாலையும் துடைக்கிறார்கள். வெயிலில் நிறுத்தினால் மேலே போர்வை போடுகிறார்கள். இதைப் படித்துவிட்டு எனக்கு அழுகை வந்தது. சக்களத்தி என்று ஒருத்தி எனக்கு வாய்த்தாள் என்றால் அது அந்த விமானம்தான். என் புருஷன் ராத்திரியும் பகலும் அவளுக்குத்தானே காவல் நின்றார்.

பின்னால் பனிமலையில் இருந்தபோது இடது காலில் இரண்டு விரல்கள் போயின. பூட்ஸ் இருந்தது, மருந்து இருந்தது, டாக்டர் இருந்தார். பனிக்கு இரக்கம் இல்லை, அவ்வளவுதான். லீவில் வந்தவர் விறகு பிளக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஏரோப்ளேனுக்குச் சக்கரம் போனா மறுநாளே புதுச் சக்கரம் மாட்டிடறாங்க கனகா. எனக்கு ஸ்டாக் இல்லைன்னுட்டாங்க.”

நாற்பது வயது முடியுமுன் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். அது சட்டம், யாரையும் குறை சொல்வதற்கில்லை. பென்ஷனும் கொடுத்தார்கள். ஆனால் நாற்பது வயது ஆண்பிள்ளை வீட்டில் உட்கார முடியுமா? பெண்ணைப் படிக்க வைக்க வேண்டாமா? ஒரு பாங்கியின் வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு நின்றார். மலையில் நாட்டைக் காத்தவர், கீழே கண்ணாடிக் கதவைத் திறந்து விட்டார். கடைசிவரை அதே வேலைதான். முன்பு போட்டது பச்சை உடுப்பு. அது போய்ப் பக்கத்தில் கோடு போட்ட நீலக் கால்சட்டை வந்தது.

இங்கே டிவியில் இந்தியச் செய்தி போடுவார்கள். ராணுவத்துக்கு இவ்வளவு லட்சம் கோடி ஒதுக்கியிருக்கிறது என்று வரும். கூடவே ஒரு விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு பறக்கும். மருமகன், “அத்தே, உங்க ஊரு அஸ்காருக்குக் காசு கொட்டுது” என்பார். கொட்டட்டும். விமானம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அது இல்லாவிட்டால் மலையில் நிற்கிற பிள்ளைக்குச் சோறு போய்ச் சேராது. என் வீட்டுக்காரரே அப்படிச் சொல்வார். ஆனால் அந்தப் பணத்தில் எங்கள் பென்ஷனையும் சேர்த்துத்தான் காட்டுகிறார்கள். பென்ஷன் செலவு கூடிப்போயிற்று என்று கோட்டுப் போட்டவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். விமானச் செலவு கூடினால் பெருமை, கிழவி செலவு கூடினால் பாரம். இப்போது பையன்களை நாலு வருஷத்துக்கு எடுத்துக்கொண்டு, முக்கால்வாசிப் பேரைப் பென்ஷன் இல்லாமல் அனுப்பிவிடுகிறார்களாம். நம் ஊர்ப் பையன்கள் அதற்கும் விடிகாலையில் ஏரிக்கரையில் ஓடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்கள் திரும்பி வந்து எந்தக் கதவைத் திறந்துவிடப் போகிறார்களோ.

4

இங்கே வந்த புதிதில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டப் போயிருந்தேன். செல்வி மருந்துக்கு நின்றிருந்தாள். ஒரு ஜன்னலில் முன்னாள் அஸ்கார் ஆட்கள் அட்டையைக் காட்டிவிட்டுச் சீக்கிரம் போவதைப் பார்த்தேன். பாக்கியம் இதைப் பற்றி நிறையச் சொல்லியிருந்தாள். நானும் எழுந்து போனேன். எனக்குத் தெரிந்த மலாய் வார்த்தைகளை மனதுக்குள் கோத்துக்கொண்டு, “சுவாமி சாயா அஸ்கார்” என்றேன். என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்காரர் என்று அர்த்தம். அந்தப் பெண் மரியாதையாக அட்டை கேட்டாள். நம் ஊர் அட்டையை எடுத்து நீட்டினேன். சிங்க முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்த முகமாகவே, “இனி இந்தியா புன்யா, மாச்சிக்” என்று இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். இது இந்தியாவோடது, ஆன்ட்டி. அவ்வளவுதான் சொன்னாள். தப்பே இல்லை. அந்த அட்டையைப் பர்சின் அடியில் வைத்து மூடிக்கொண்டு, செல்வி வருமுன் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டில் இன்னொன்று நடந்தது. பேரன் ஹரிஷின் பள்ளிக்கூடத்துத் தோழன் வந்தான். சுவரில் இருந்த படத்தைப் பார்த்து ஏதோ கேட்டான். ஹரிஷ் இங்கிலீஷில் பதில் சொன்னான், நடுவில் ‘ஜாகா’ என்று ஒரு வார்த்தை. ஜாகா என்றால் இங்கே வாட்ச்மேன். அவன் நினைவு தெரிந்து தாத்தாவைப் பார்த்தது ஒரே ஒரு விடுமுறையில், பாங்கி வாசலில். அவனுக்கு அதுதான் தாத்தா.

“டேய், ஜாகா இல்லடா. பட்டாளம்டா. அஸ்கார்!”

“சேம் லா பாட்டி. ரெண்டு பேருக்கும் யூனிஃபார்ம் இருக்கு,” என்றான், குழந்தை மாதிரி. பன்னிரண்டு வயதுக் குழந்தை.

அன்றைக்கு முடிவு செய்தேன். யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, நாலு பேருக்கு நடுவில் அவரைப் பட்டாளத்துக்காரர் என்று சொல்ல வேண்டும். அதைக் காதால் கேட்டுவிட வேண்டும்.

5

இந்த ஜூலையில் பாக்கியம் கோட்டை வெயில் காட்டிக்கொண்டிருந்தபோது, பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்.

“இந்த மாதிரி அஞ்சு மெடல் எங்கிட்டயும் இருக்குது, பாக்கியம்.”

“தெரியும் அக்கா. படத்துல பாத்திருக்கேன்ல.”

“வீரர் நாளுக்குக் கடலோரம் எஸ்பிளனேட் திடல்ல நடக்கற கூட்டத்துக்குப் பொம்பளைங்களும் வருவாங்களா?”

“வருவாங்களே. அஸ்கார் பொண்டாட்டிங்க எல்லாம் பந்தலுக்குக் கீழ உக்காந்திருப்போம்.”

நான் மேலே எதுவும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது, அவளாக வா என்று சொல்லட்டும் என்று இருந்தேன். அவள் மெடலை ஊதித் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “ஆனா அது நம்ம நாட்டு அஸ்காருக்கு லா, அக்கா.”

நம்ம நாடு. சரி.

வீரர் நாளன்று காலை, பாக்கியமும் சார்ஜனும் கதவைப் பூட்டிக்கொண்டு போன சத்தம் கேட்டபிறகு எழுந்து தலை வாரினேன். அரக்கு நிறச் சுங்குடிப் புடவை. அவர் வாங்கித் தந்தது. மெடல் கம்பியை எடுத்து, சுவரில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து, அதே மாதிரி இடப்பக்கம் முந்தானையில் குத்தினேன். நூல் புடவை தாங்குமா? ஐந்து மெடலும் சேர்ந்து முந்தானையைக் கீழே இழுத்தன. உள்ளே ரவிக்கையோடு சேர்த்து இன்னும் இரண்டு ஊக்கு போட்டேன்.

“எங்கம்மா கிளம்பிட்ட?” செல்வி கையில் தோசைக் கரண்டி.

“கடலப் பாத்துட்டு வரேன்.”

“மெடலப் போட்டுகினா கடலப் பாப்பாங்க? அம்மா, அங்க உன்ன யாருன்னு கேட்டா என்னா சொல்லுவ?”

“கேட்டாத்தானே.”

மெடல்மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் ஒரு சீனக் கிழவர் எழுந்து இடம் கொடுத்தார். வயசுக்குக் கொடுத்தாரா, மெடல் ஓரம் தெரிந்து கொடுத்தாரா தெரியாது. மெடலுக்குத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

6

கடற்கரைத் திடலில், போர் நினைவுத் தூணைச் சுற்றி நாற்காலி போட்டிருந்தார்கள். பெரிய கூட்டம் இல்லை. முன்னாள் படைவீரர்கள் ஒரு பக்கம் வரிசையாக. தள்ளி, பந்தலின் கீழே பெண்கள். பாக்கியம் மஞ்சள் பட்டில் நடு நாயகமாக உட்கார்ந்து யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். நான் ஒரு மரத்தடியில் நின்றேன். நிற்கத்தான் வந்தேன், உட்கார வரவில்லை. வியர்வைக்குத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன்.

அந்த நேரம் பார்த்து, கையில் பெயர்ப் பட்டியலோடு இருந்த ஓர் இளம் மலாய் ஆபீசர் என்னைப் பார்த்தார். மெடலைப் பார்த்தார். நேராக நடந்து வந்து, காலை ஒட்டி நின்று, எனக்கு சல்யூட் அடித்தார்.

என் வாழ்நாளில் எனக்கு யாரும் சல்யூட் அடித்ததில்லை. அவர் ஏதோ கேட்டார். ‘அஸ்கார்’ என்பது மட்டும் காதில் விழுந்தது. “யா, யா” என்றேன். “நாமா?” என்றார். பெயர் கேட்கிறார் என்று புரிந்தது. பட்டாளத்துக்காரரின் பெயரைத்தானே கேட்பார்? அதை நான் எப்படி வாயால் சொல்வது? நம் ஊர் மெடல்களின் விளிம்பில் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும், உங்களுக்குத் தெரியும். ஒரு மெடலைத் திருப்பி விளிம்பைக் காட்டினேன். அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் படித்து, பட்டியலில் எழுதிக்கொண்டார். பிறகு என் முழங்கையைத் தாங்கிப் பிடித்து அழைத்துப் போனார். பந்தலுக்குத்தான் போகிறோம் என்று நினைத்தேன். பந்தலைத் தாண்டினோம். பாக்கியத்தின் வாய் பாதிப் பேச்சில் நின்றது. ஆண்பிள்ளைகள் வரிசையில், வீரையா சார்ஜனுக்குப் பக்கத்து நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டுப் போனார்.

பொய் சொல்ல மாட்டேன். திரும்பிப் பந்தலைப் பார்த்தேன். பாக்கியத்தின் முகம் எப்படி இருந்தது என்று பார்ப்பதற்காகவே பார்த்தேன். இத்தனை வருஷம் எனக்குள் கொதித்த வெந்நீர் அவள் தலையில் கொட்டியது போல இருந்தது. எனக்குக் குளிர்ந்தது.

என் மறுபக்கம் ஒரு மலாய்க்காரர், ஒல்லியாக, கண் சிவந்து. தலையில் பட்டாளத் தொப்பி, மேலே கோட்டு, அதில் இரண்டு மெடல். அவர் காலை மாற்றிப் போட்டபோது கால்சட்டை கண்ணில் பட்டது. நீலம். பக்கத்தில் கோடு. அந்தக் கோட்டை நான் எத்தனை நாள் சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறேன்.

“இவரு ஜாகாவா தம்பி?” என்று சார்ஜனிடம் மெல்லக் கேட்டேன்.

“ஆமாக்கா. பத்து வருசத்துல வெளிய வந்துட்டாரு, அதனால பென்சன் கெடையாது. ராத்திரி டியூட்டி முடிச்சிட்டு நேரா வந்திருக்காரு. வீட்டுக்குப் போய்ப் பேன்ட் மாத்த நேரமில்ல.” பிறகு சார்ஜன் குரலைத் தணித்தார். “அக்கா, தப்பா நெனைக்காதீங்க. மெடல இடது பக்கம் குத்துனா, குத்துனவங்களே பட்டாளத்துல இருந்தவங்கன்னு அர்த்தம். எறந்து போனவங்களோடத வீட்டுக்காரங்க போட்டா வலது பக்கம் போடணும். அதான் அந்தத் தம்பி உங்கள அஸ்கார்னு நெனச்சு இங்க கொண்டாந்துட்டாப்ல.”

படத்தைப் பார்த்துத்தானே குத்தினேன். உயிரோடு இருந்த மனுஷனுக்கு இடப்பக்கம். எனக்கு அது எப்படித் தெரியும்?

“நான் எந்திரிச்சுப் போய்டறேன் தம்பி. அசிங்கமாப் போச்சு.”

எழுந்திருக்க நாற்காலிக் கையைப் பிடித்தேன். அதற்குள் மைக்கில் பெயர் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வந்திருக்கிற வீரர்களின் பெயர். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். வீரையா என்றபோது சார்ஜன் நின்றார். ஜாகா கால்சட்டைக்காரர் நின்றார். கிளம்பினால் எல்லோருக்கும் முன்னால் கிளம்ப வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன்.

“முனிரத்தினம்.”

மலாய் நாக்கில் கொஞ்சம் கோணித்தான் வந்தது. ஆனால் அந்தப் பெயர்தான். ஒலிபெருக்கியில் போய்த் தூணில் பட்டு, கடல் பக்கமாகப் போயிற்று. சொந்த ஊரில் சாகும்வரை ஒருவரும் மைக்கில் கூப்பிடாத பெயர்.

“முனிரத்தினம்,” என்று இன்னொரு தடவை.

நின்றிருந்த சார்ஜன் நேராகத் தூணைப் பார்த்தபடியே சொன்னார்: “எந்திரிங்க அக்கா. கூப்புடறாங்க.”

எழுந்து நின்றேன்.

பியூகிள் ஊதினார்கள். எல்லோரும் மௌனமாக நின்றோம். அக்கரையில் பட்டாள விமானத் தளம் இருக்கிற பட்டர்வொர்த் பக்கமிருந்து ஒரு விமானம் தலைக்கு மேலே இரைந்துகொண்டு போயிற்று. எப்போதும் விமானத்தைப் பார்த்தால் மனதுக்குள் ஒரு வசவு வரும். அன்றைக்கு வரவில்லை. போடீ, இன்றைக்கு உனக்குக் காவல் நிற்க ஆள் இல்லை, அவர் இங்கே நிற்கிறார் என்று மட்டும் நினைத்தேன்.

7

முடிந்ததும் டீயும் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலமும் கொடுத்தார்கள். சார்ஜன் அந்த ஆபீசரை அழைத்து உண்மையைச் சொன்னார். ஆபீசருக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, பரவாயில்லை மாச்சிக் என்று அவர் பாஷையில் சொன்னார். பட்டியலிலிருந்து பெயரை அடிக்கட்டுமா என்று சார்ஜனைக் கேட்டாராம். “இருக்கட்டும்னு சொல்லிட்டேன்” என்றார் சார்ஜன்.

பாக்கியம் வந்தாள், பட்டு சரசரக்க.

“நல்லாருக்கு அக்கா, நல்லாருக்கு! கல்யாணம் கட்டுன நாள்லேந்து வர்றேன், ஒரு நாளாச்சும் அந்த நாற்காலில குந்தியிருப்பேனா? நேத்து வந்தவங்க சார்ஜன் பக்கத்துல போயி ஜம்முனு உக்காந்துட்டீங்க!”

“நானா கேட்டேன்? உன் நாட்டு ஆபீசர்தான் கூட்டினு போனாரு.”

“சல்யூட்டு வேற! எனக்கு எவன் அடிச்சான் சல்யூட்டு?”

அவளுக்குப் பொறாமை. என் கண்ணாலேயே பார்த்தேன். நான் பட்ட பொறாமையில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, ஆனாலும் பொறாமைதான். சுவைத்துப் பார்க்கலாம் என்று டீயை ஒரு வாய் உறிஞ்சினேன். அப்போது அந்த ஜாகா கால்சட்டைக்காரர் பக்கத்தில் வந்து சார்ஜனிடம் என்னைப் பற்றி ஏதோ விசாரித்தார். சார்ஜன் பதில் சொன்னதில் ‘பென்சன்’ என்ற வார்த்தை விழுந்தது. அந்த மனிதர் என்னைப் பார்த்துத் தலையசைத்து, “உந்தோங்” என்றார்.

“என்னா சொல்றாரு?”

“கணவர் போனப்புறமும் பென்சன் வருதில்ல, குடுத்து வெச்சவங்கன்னு சொல்றாருக்கா.”

என்னைப் பார்த்து ஒரு பட்டாளத்துக்காரர் ஏங்கியது அதுதான் முதல் தடவை. பாக்கியத்தின் பொறாமை இனித்தது. இது இனிக்கவில்லை. ராத்திரி முழுக்க யாருடைய கதவுக்கோ காவல் இருந்துவிட்டு வந்த அந்தச் சிவந்த கண்ணை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. நம் ஊர் ஏரிக்கரையில் ஓடுகிற பையன்களின் நினைப்பு வந்தது. என் பொட்டலத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

“சரி, வாங்க, சரியா குத்தி விடறேன்,” என்றாள் பாக்கியம். “இல்லாட்டி பஸ்ல இன்னும் எவன் எவன் சல்யூட்டு அடிப்பானோ.”

இடப்பக்கத்து ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். வலப்பக்கம் குத்த வேண்டும் என்றால் புடவைக்காரிக்கு அங்கே இடம் ஏது? முந்தானையை முதுகைச் சுற்றி இழுத்து வலது தோளை மூடிக்கொண்டேன். அதன்மேல் கம்பியை வைத்தாள். வைத்தவள் குத்தவில்லை. கை அப்படியே நின்றது.

“இன்னா, பாக்கியம்?”

“ஒண்ணுமில்ல.” அவள் தலை திரும்பிற்று. சார்ஜன் தள்ளி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார், தோள் குலுங்கக் குலுங்க. கோட்டின் இடப்பக்கம் மெடல்கள் ஆடின. “வலது பக்கம் குத்த எனக்குக் கை வரல அக்கா. நீங்களே குத்திக்குங்க.”

அவள் கையை எடுத்துவிட்டு அவரிடம் ஓடினாள். முதுகைத் தடவிக்கொண்டே, “ஐஸ் தண்ணி குடிக்காதீங்கன்னு சொன்னேன்ல, கேட்டா தானே!” என்று எல்லோர் முன்னாலும் திட்டினாள்.

நானே குத்திக்கொண்டேன். புருஷன் போனவளின் அந்தப் பக்கம் எனக்குப் பழகின பக்கம்தான், அதற்கு வலப்பக்கம் என்று பெயர் என்பதுதான் அன்றைக்குத் தெரிந்தது.

போகும்போது அவர்கள் காரிலேயே ஏற்றிக்கொண்டார்கள். வீட்டில் செல்வி கதவைத் திறந்து, மெடல் பக்கம் மாறியிருப்பதைப் பார்த்தாள். “என்னாம்மா, காலைல அந்தப் பக்கம் இருந்துது?” என்றாள். உன் அப்பாவைக் கூப்பிட்டார்கள், போய்விட்டு வந்தேன் என்றேன். ஹரிஷ் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. ஆனால் ராத்திரி சாப்பிடும்போது, “பாட்டி, எஸ்பிளனேட்ல தாத்தா பேரு மைக்ல சொன்னாங்களாமே, எதிர்வீட்டு ஆன்ட்டி எல்லார்ட்டயும் சொல்றாங்க” என்றான். பாக்கியம் எல்லோரிடமும் சொல்கிறாளாம். அதுவும் அவள்தான்.

சுங்குடிப் புடவையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டேன். முந்தானையில் இடப்பக்கம் கம்பி இழுத்த ஓட்டைகள் மூடவே இல்லை. செல்வி தைத்துத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

நவம்பரில் போன் என்னை உயிரோடு இருப்பதாக ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்னும் ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை. பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. தினம் விடிகாலையில், சந்தைக்குச் சாமான் வண்டிகள் வருகிற நேரத்தில், எதிர்வீட்டிலிருந்து அந்த இருமல் கேட்கிறது. உடனே பாக்கியத்தின் திட்டு. படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன். என்றைக்காவது கொஞ்சம் தாமதமானால் எழுந்து உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்கிறேன். இருமல் வந்ததும் வயிறு பழையபடி எரிய ஆரம்பிக்கிறது. எரியட்டும். எங்களுக்குத்தான் போனும் கண் சிமிட்டலும். வீரையா சார்ஜன் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு என் வயிற்றெரிச்சலே சர்டிபிகேட்.